வார எக்ஸ்பைரியை நிறுத்துங்கள்: செபி தலைவருக்கு ஒரு திறந்த மடல்

டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய துகின் காந்த பாண்டே அவர்களுக்கும், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் முழுநேர உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வாரந்தோறும் முடிகிற இண்டெக்ஸ் ஆப்ஷன்களை நிறுத்திவிட்டு மாத ஒப்பந்தங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். இண்டெக்ஸ் ஆப்ஷன் என்பது நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற பங்குக் குறியீட்டை ஒரு குறிப்பிட்ட விலைக்கு (ஸ்ட்ரைக்) வாங்கும் அல்லது விற்கும் உரிமை. அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலை பிரீமியம், அது முடியும் நாள் எக்ஸ்பைரி. ஒரே இரவில் நிறுத்தச் சொல்லவில்லை. தேதியை முன்கூட்டியே அறிவித்துப் படிப்படியாகச் செய்யலாம், அதற்கான வழியையும் கீழே எழுதியிருக்கிறோம். அது நடந்து முடியும்வரை, ஆப்ஷன் வாங்குகிற சிறு ஆட்கள் நுழையும் வாசலில் சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. அவற்றுக்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம், உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும்.

நட்டக் கணக்கை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை, நாங்களே அதை உங்கள் அறிக்கைகளிலிருந்துதான் எடுக்கிறோம். 2024 செப்டம்பரில் நீங்கள் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ் எனும் முன்பேர ஒப்பந்தங்கள், ஆப்ஷன்ஸ் பக்கம் வந்த தனிநபர்கள் 1.13 கோடி. அவர்களில் 92.8 சதவீதம் பேருக்கு நட்டம். எல்லோருக்கும் சேர்த்து நிகர நட்டம் 1.81 லட்சம் கோடி ரூபாய். செலவெல்லாம் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றில் ஒருவர். 2025 ஜூலையில் வந்த அடுத்த ஆய்வில் 2025 நிதியாண்டின் நட்டம் மட்டும் 1,05,603 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 74,812 கோடி. நட்டப்பட்டவர்கள் 91 சதவீதம்.

இதில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கையின் கட்டுப்பாடுகள் நவம்பர் 20 முதல்தான் ஒவ்வொன்றாக நடைமுறைக்கு வந்தன. ஆகவே அந்த 1,05,603 கோடியை முழுக்க அந்தச் சுற்றறிக்கையின் தோல்வியாகக் காட்டுவது சரியல்ல. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரை தனிநபர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 20 சதவீதம் குறைந்ததாக உங்கள் ஆய்வே சொல்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட அது 24 சதவீதம் கூடுதல் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஏறிய வெள்ளம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் முழுதாக வடியவில்லை? 2024 ஜூலை 30 கலந்தாய்வு அறிக்கையில் ஏழு யோசனைகள் வைத்தீர்கள். இறுதிச் சுற்றறிக்கையில் ஆறு வந்தன. ஒப்பந்த மதிப்பு குறைந்தது 15 லட்சம், ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் (பங்குச் சந்தை நிறுவனத்துக்கும்) ஒரே ஒரு வார எக்ஸ்பைரி, எக்ஸ்பைரி நாளில் விற்றவருக்கு 2 சதவீதக் கூடுதல் மார்ஜின் (பிணைத் தொகை), பிரீமியத்தை முன்கூட்டியே வசூலிப்பது, எக்ஸ்பைரி நாளில் காலண்டர் ஸ்ப்ரெட் சலுகை (வெவ்வேறு தேதியில் முடியும் எதிரெதிர் ஒப்பந்தங்களுக்கான மார்ஜின் குறைப்பு) ரத்து, பொசிஷன் (ஒருவர் கையிலுள்ள முடியாத ஒப்பந்தங்கள்) வரம்பைச் சந்தை நேரத்திலேயே கண்காணிப்பது. விடுபட்டது ஸ்ட்ரைக் விலைகளைக் குறைக்கும் யோசனை. இண்டெக்ஸுக்கு அருகே சீரான இடைவெளி, தூரம் போகப் போக அகலமான இடைவெளி, தொடக்கத்தில் 50 ஸ்ட்ரைக்குக்கு மேல் வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தீர்கள்.

வந்த ஆறையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆப்ஷனை விற்பவரையோ, பெரிய கைகளையோ, எக்ஸ்சேஞ்சையோ தொடுகிறவை. கையில் இருநூறு ரூபாய் வைத்துக்கொண்டு ஆப்ஷன் வாங்க வருபவரைத் தொட்டிருக்கக்கூடிய ஒன்றுதான் விடுபட்டது.

ஒப்பந்த மதிப்பை 15 லட்சமாக்கியதைச் சிறு முதலீட்டாளரைத் தள்ளிவைக்கும் நடவடிக்கை என்று பலரும் எழுதினார்கள். விற்பவர் விஷயத்தில் அது உண்மை. 2025 இறுதிக் கணக்கில் நிஃப்டி 26,000-ல் இருக்க, 75 யூனிட் கொண்ட ஒரு லாட்டின் (குறைந்தபட்ச வர்த்தக அளவு) மதிப்பு 19.5 லட்சம். ஒரு லாட் விற்க ஏறத்தாழ இரண்டு லட்சம் மார்ஜின் கேட்பார்கள். ஆனால் வாங்குபவர் கட்டுவது பிரீமியம் மட்டும். எக்ஸ்பைரி நாள் பிற்பகலில் தொலைதூர ஸ்ட்ரைக் ஒன்று 2 ரூபாய்க்குக் கிடைக்கும். 75-ஆல் பெருக்கினால் 150 ரூபாய். ஒப்பந்த மதிப்பு 5 லட்சமாக இருந்தபோதும் இந்த லாட்டரிச் சீட்டு வாங்க முடிந்தது, 19 லட்சமான பிறகும் வாங்க முடிகிறது. 2026 ஜனவரி முதல் லாட் 65, சீட்டின் விலை 130 ரூபாய். டெலிகிராம் குழுக்களில் 'ஜீரோ டு ஹீரோ' என்று பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பரவுவது இந்தச் சீட்டுதான்.

எக்ஸ்பைரி நாளில் வாங்குபவருக்கு என்ன நடக்கிறது என்பதை எண்களோடு வைத்துப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை காலை நிஃப்டி 26,000. ஏறும் என்று நினைக்கிற ஒருவர் அன்றே முடிகிற 26,100 கால் (call, வாங்கும் உரிமை) ஆப்ஷனை 20 ரூபாய்க்கு ஒரு லாட் வாங்குகிறார். போட்ட பணம் 1,500 ரூபாய். அவர் நினைத்தது சரி, நிஃப்டி ஏறுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு 26,040. அன்று சந்தை வழக்கமான அசைவில் இருந்தால் அந்த ஆப்ஷன் அப்போது ஒன்றரை ரூபாய்க்குள் இருக்கும். மூன்றரைக்குப் பூஜ்யம். திசையைச் சரியாகக் கணித்தவரின் பணம் முழுதும் போய்விட்டது. 26,120-க்கு மேல் முடிந்தால்தான் அவருக்கு முதலே திரும்பும். அதாவது ஏறுமா என்று கணித்தால் போதாது, இன்றைக்குள், இத்தனை புள்ளி, இத்தனை மணிக்குள் என்று மூன்றையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். ஒரு மாதம் மிச்சமிருக்கும் ஆப்ஷனிலும் கால மதிப்பு (மிச்சமிருக்கும் நேரத்துக்காகக் கொடுக்கும் விலை) கரையும், ஆனால் நாள்கணக்கில் கரையும். எக்ஸ்பைரி நாளில் அது நிமிடக்கணக்கில் கரைகிறது. ஆர்டர் திரையில் இதைக் காட்டும் எண் எதுவும் முன்னுக்கு வருவதில்லை. பச்சையும் சிவப்புமாக விலை மட்டும் ஓடுகிறது.

சரி, அவர் உடனே விற்று வெளியேறினார் என்றே வைத்துக்கொள்வோம். 20 ரூபாய்க்கு வாங்கி 20.60-க்கு விற்றார். திரையில் 45 ரூபாய் லாபம் தெரியும். 2025 இறுதி விகிதத்தில் செலவு இது. தள்ளுபடி புரோக்கரின் கட்டணம் ஆர்டருக்கு 20 வீதம் 40 ரூபாய். விற்ற பிரீமியம் 1,545-க்கு 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி, முழு ரூபாயாக்கினால் 2. என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) கட்டணம் இரு பக்கமும் சேர்த்து 0.03503 சதவீதம், அதாவது 1 ரூபாய் 7 காசு. புரோக்கர் கட்டணத்துக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 7 ரூபாய் 39 காசு. முத்திரைத் தீர்வை சில காசு. மொத்தம் 50 ரூபாயைத் தாண்டுகிறது. 45 ரூபாய் 'லாபம்' பார்த்தவருக்கு உண்மையில் 5 ரூபாய்க்கு மேல் நட்டம். ஒரே ஒரு லாட் எடுப்பவருக்குப் பிரீமியம் 3.3 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் கைமுதலே நிற்கும்.

நாளுக்குப் பத்து முறை இப்படி வாங்கி விற்பவர் மாதத்தில் இருபது சந்தை நாளைக்கு 10,000 ரூபாய் செலவு செய்கிறார். 50,000 ரூபாய் முதலோடு வந்தவருக்கு அது மாதம் 20 சதவீதம். இந்த வேகத்தில் செலவை மீறி லாபம் பார்ப்பது தேர்ந்த கைக்கே கடினம். 2024 நிதியாண்டில் ஒருவர் சராசரியாக 26,000 ரூபாய் பரிவர்த்தனைச் செலவு செய்ததாக உங்கள் ஆய்வு சொல்கிறது. மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் கட்டிய செலவு மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி. பல ஆப்களின் பொசிஷன் திரையில் தெரியும் லாப நட்டம் இந்தச் செலவைக் கழிக்காதது. கழித்த கணக்கு மாலையில் கான்ட்ராக்ட் நோட்டாக மின்னஞ்சலுக்கு வரும். கடவுச்சொல் போட்டுத் திறக்க வேண்டிய பிடிஎஃப். எத்தனை பேர் திறப்பார்கள் என்பதை உங்கள் கணிப்புக்கே விடுகிறோம்.

விலை ஒரு எல்லைக்கு இறங்கியதும் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் இருக்கிறதே என்பார்கள். தாறுமாறான விலைகளில் ஆர்டர்கள் நிறைவேறியதால் 2021 செப்டம்பரில் ஆப்ஷன்களுக்கு ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரை (கிடைக்கும் விலைக்கு விற்பது) என்எஸ்இ நிறுத்தியது. அது சரியான முடிவு. ஆனால் அதன்பின் இருப்பது ஸ்டாப் லாஸ் லிமிட் (குறித்த விலைக்குக் கீழே விற்காதது) மட்டும். டிரிகர் (ஆர்டரைத் தூண்டும் விலை) 15, லிமிட் 14.50 என்று போட்டிருப்பார். எக்ஸ்பைரி நாளின் கடைசி மணியில் விலை 16-லிருந்து நேராக 13-க்குக் குதிக்கும். டிரிகர் வேலை செய்யும், ஆர்டர் 14.50-ல் நிற்கும், வாங்க ஆளிருக்காது. அவர் அதைக் கவனித்து மாற்றுவதற்குள் 6 ரூபாய். டிரிகருக்கும் லிமிட்டுக்கும் இடையே அகலமான இடைவெளி விட வேண்டும் என்பது பழகியவருக்குத் தெரியும், புதியவருக்கு ஆப் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதும் உங்கள் ஆய்வில் உள்ளதே. 2024 நிதியாண்டில் புரோக்கர்களின் சொந்தக் கணக்கு வர்த்தகத்துக்கு 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 28,000 கோடியும் மொத்த லாபம். அதில் 96, 97 சதவீதம் அல்கோ (தானாக ஆர்டர் போடும் கணினி நிரல்) வழியாக வந்தது. அதே ஆண்டில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 30 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் 43 சதவீதம். ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே என்று அறிவித்தவர்கள் முக்கால் பங்குக்கும் மேல். அல்கோ வைத்திருப்பது குற்றமல்ல, எல்லா நாட்டுச் சந்தையிலும் அப்படித்தான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் வளாகத்துக்குள்ளேயே சர்வர் வைத்திருப்பவரும், பேருந்தில் நின்றபடி கைபேசியில் ஆர்டர் போடுபவரும் எதிரெதிரே நிற்கிற விளையாட்டில் நேரம் சுருங்கச் சுருங்க முதலாமவருக்கு அனுகூலம் கூடும். வார எக்ஸ்பைரி செய்வது அந்த நேரச் சுருக்கம்தான்.

இனி, ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தக நிறுவனம். 2025 ஜூலை 3 இடைக்கால உத்தரவில், சந்தையை வளைத்து ஈட்டியது என்று அதன் 4,843.57 கோடி ரூபாயைப் பிடித்துவைத்தீர்கள். அந்நிறுவனம் மறுத்திருக்கிறது, விவகாரம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நாங்கள் போகவில்லை. அந்த உத்தரவு விவரிக்கிற 2024 ஜனவரி 17-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அன்று பேங்க் நிஃப்டி (வங்கிப் பங்குகளின் குறியீடு) வார எக்ஸ்பைரி. எச்டிஎஃப்சி வங்கிப் பங்கு கடுமையாக விழுந்த நாளும்கூட. காலையில் வங்கிப் பங்குகளிலும் ஃபியூச்சர்களிலும் 4,370 கோடிக்கு வாங்கி, அதைப்போலப் பல மடங்கு அளவுக்கு ஆப்ஷனில் எதிர்த்திசைப் பொசிஷன் எடுத்து, பிற்பகலில் பங்குகளை விற்றார்கள் என்பது உங்கள் குற்றச்சாட்டு. அன்றைய ஒரு நாள் லாபம் 734.93 கோடி என்று கணக்கிட்டிருக்கிறீர்கள்.

இது சாத்தியமாக வேண்டுமானால் பங்குச் சந்தை சின்னதாகவும் அதன்மேல் நிற்கும் ஆப்ஷன் சந்தை மிகப் பெரிதாகவும் இருக்க வேண்டும். எக்ஸ்பைரி நாள்களில் இண்டெக்ஸ் ஆப்ஷன் வர்த்தகம் அடிப்படைப் பங்குகளின் வர்த்தகத்தைப்போல 350 மடங்கும் அதற்கு மேலும் போவதை உங்கள் முழுநேர உறுப்பினராக இருந்த அனந்த் நாராயண் ஜூலையிலேயே பொதுமேடையில் சொன்னார். அந்த விகிதம் இருக்கிறவரை பங்கில் ஒரு ரூபாய் தள்ளி ஆப்ஷனில் பல ரூபாய் எடுக்கும் ஆசை யாருக்காவது வரும். ஒரு நிறுவனத்தைத் தடுத்தால் இன்னொன்று. அக்டோபர் முதல் நீங்கள் கொண்டுவந்த சந்தை நேரப் பொசிஷன் வரம்பு, நிகரம் 5,000 கோடி, மொத்தம் 10,000 கோடி, நாளுக்குக் குறைந்தது நான்கு திடீர்ச் சோதனை, அதில் ஒன்று 2.45-க்கும் 3.30-க்கும் இடையே, இவையெல்லாம் தேவையானவை. ஆனால் அவை காவல். விகிதத்தைக் குறைப்பதுதான் மருந்து, விகிதம் வீங்குவது வார எக்ஸ்பைரியில்.

இந்த இடம் வரைக்கும் உங்களுக்கும் எங்களுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது என்றே நினைக்கிறோம். டெரிவேட்டிவ் (ஃபியூச்சர், ஆப்ஷன்) ஒப்பந்தங்களின் காலத்தை நீட்டுவது பற்றிக் கலந்தாலோசிப்போம் என்று ஆகஸ்டில் நீங்களே சொன்னீர்கள். அன்றைக்கே பிஎஸ்இ (மும்பைப் பங்குச் சந்தை) நிறுவனப் பங்கின் விலை சரிந்தது. தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எக்ஸ்சேஞ்சுகள் இன்று லாபத்துக்கு நடக்கும் கம்பெனிகள். எந்தக் கிழமையில் எக்ஸ்பைரி வைப்பது என்பதிலேயே அவை மோதிக்கொண்டன. பேங்க் நிஃப்டி வார ஆப்ஷன் 2016-ல் வந்தது, நிஃப்டிக்கு 2019-ல், சென்செக்ஸுக்குப் புது உருவில் 2023 மே மாதம். அந்த ஆண்டு முடிவதற்குள் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கிழமை பாக்கியில்லாமல் ஏதோ ஒரு இண்டெக்ஸ் முடிந்துகொண்டிருந்தது. 2025 மார்ச்சில் நிஃப்டி எக்ஸ்பைரியைத் திங்களுக்கு மாற்றுவதாக என்எஸ்இ அறிவித்து, நீங்கள் தலையிட்டதும் தள்ளிவைத்தது. பிறகு செவ்வாய் அல்லது வியாழன் மட்டும் என்று மே மாதம் விதித்தீர்கள். செப்டம்பர் முதல் என்எஸ்இக்குச் செவ்வாய், பிஎஸ்இக்கு வியாழன். சந்தையைக் கண்காணிக்க வேண்டிய முதல்நிலை அமைப்புகள் கிழமைக்காகச் சண்டை போடுகிற நிலையில், வார எக்ஸ்பைரி தேவையா என்று அவற்றிடமே கேட்டால் என்ன பதில் வரும்?

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2025-26 நிதியாண்டுக்குப் பரிவர்த்தனை வரியாக 78,000 கோடி ரூபாயை பட்ஜெட் எதிர்பார்த்தது. அது முழுதும் ஆப்ஷனிலிருந்து வருவதல்ல, என்றாலும் நிதியமைச்சகம் உங்களிடம் எதைக் கேட்கும் என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. செபியின் வேலைப் பட்டியலில் அரசின் வரி வருவாய் இல்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

நிறுத்தக் கூடாது என்பவர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டு கவனத்துக்குரியவை. ஒன்று, ஹெட்ஜிங். கையில் பங்கு வைத்திருப்பவர் இழப்பிலிருந்து காத்துக்கொள்ள ஆப்ஷன் வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். பட்ஜெட், தேர்தல் முடிவு போன்ற ஒரு நாள் நிகழ்வுக்கு வார ஆப்ஷன் மலிவாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஓய்வூதிய நிதியோ மியூச்சுவல் ஃபண்டோ தன் பங்குகளை வாரந்தோறும் செவ்வாய் பிற்பகல் மூன்றரைக்குக் காலாவதியாகும் புட் ஆப்ஷனை (விற்கும் உரிமையை) வைத்துக் காப்பதில்லை. நிஃப்டியில் ஆண்டுக்கணக்கில் நீளும் ஆப்ஷன்கள் பட்டியலில் இருக்கின்றன, வாங்கவும் விற்கவும் ஆளில்லை. பணப்புழக்கம் மொத்தத்தையும் அருகிலுள்ள எக்ஸ்பைரி உறிஞ்சிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, டப்பா வர்த்தகம், அதாவது எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே நடக்கும் சட்டவிரோதப் பந்தயம். இங்கே மூடினால் அனுமதியில்லாத டப்பா ஆப்களுக்கும் வெளிநாட்டு ஃபோரெக்ஸ் (நாணய வர்த்தக), சிஎஃப்டி (விலை வித்தியாச ஒப்பந்த) தளங்களுக்கும் போவார்கள் என்பது. இதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பேர் போகத்தான் செய்வார்கள். ரிசர்வ் வங்கி எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கும் அளவுக்கு அத்தகைய தளங்கள் இப்போதே இருக்கின்றன. ஆனால் டப்பாவுக்குப் பணம் அனுப்ப யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கோ யுபிஐ முகவரியோ வேண்டும், அங்கே கைவைக்க முடியும். 91 சதவீதம் பேர் நட்டப்படும் ஒன்றைச் சட்டப்படி, கைபேசியில், கேஒய்சி முடித்து இருபது ரூபாய்க்கு நடத்தித் தருவதற்கு, வேறொருவன் சட்டவிரோதமாக நடத்துகிறான் என்பது காரணமாகாது.

தென்கொரியா இந்தப் பாதையில் முன்பே நடந்த நாடு. 2011 வரை உலகிலேயே அதிகம் கைமாறிய ஆப்ஷன் அவர்களுடைய பங்குக் குறியீடான கோஸ்பி 200-ன் ஆப்ஷன். 2012-ல் ஒப்பந்தப் பெருக்கியை (குறியீட்டின் ஒரு புள்ளிக்கு இத்தனை வோன் என்பதை) ஒரு லட்சம் வோனிலிருந்து ஐந்து லட்சமாக்கினார்கள். அங்கே பெருக்கி ஏறினால் வாங்குபவர் கட்டும் பிரீமியமும் ஐந்து மடங்கு ஏறும் என்பதைக் கவனிக்க வேண்டும். வர்த்தகம் சரிந்தது. பிறகு புதிதாக வருபவருக்கு 30 மணி நேரப் பயிற்சியும் 50 மணி நேர மாதிரி வர்த்தகமும் கட்டாயமாக்கினார்கள். அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று பின்னால் இரண்டையும் தளர்த்தினார்கள். அவர்களை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. வாங்குபவர் கட்டும் குறைந்தபட்சத் தொகை உயர்ந்தால் கூட்டம் குறையும் என்பதற்கு அது சான்று.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு வருகிறோம். அறிவித்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துப் புதிய வார ஒப்பந்தங்களைப் பட்டியலிடுவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ளவை தம் தேதியில் முடியட்டும். யாருடைய திறந்த பொசிஷனும் பாதியில் அறுபடாது. அடுத்த ஆறு மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு எக்ஸ்பைரி, அதன்பின் மாதம் ஒன்று. 2024 நவம்பரில் பேங்க் நிஃப்டி வார ஆப்ஷனை நிறுத்தியபோது சந்தை ஒன்றும் முடங்கிவிடவில்லை, வர்த்தகத்தில் ஒரு பகுதி நிஃப்டிக்கும் சென்செக்ஸுக்கும் நகர்ந்தது. இரண்டையும் ஒரே தேதியில் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் முன்னால் நிறுத்தினால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

இதில் தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. வார எக்ஸ்பைரி போனபின் என்எஸ்இயில் மாதக் கடைசிச் செவ்வாயில் எல்லாம் குவியும். பங்கு ஆப்ஷன்களும் அன்றே முடிகின்றன. இப்போது இண்டெக்ஸின் முடிவு விலை, பங்குகள் கடைசி அரை மணியில் கைமாறிய சராசரி விலையிலிருந்து வருகிறது. மாத எக்ஸ்பைரிக்கு மட்டும் தீர்வு விலையைக் கடைசி இரண்டு மணி நேரச் சராசரியாக்கினால் அதை அசைக்க ஆகும் செலவு பெருகும். 2 சதவீதக் கூடுதல் மார்ஜினை எக்ஸ்பைரிக்கு முந்தைய நாளிலிருந்தே எடுக்கலாம்.

அதுவரை வாசலில் செய்ய வேண்டியவை. விட்டுப்போன ஸ்ட்ரைக் யோசனையை எடுத்து அமல்படுத்துங்கள். எக்ஸ்பைரி நாளில் இண்டெக்ஸிலிருந்து குறிப்பிட்ட சதவீதத்துக்கு அப்பாலுள்ள ஸ்ட்ரைக்குகளில் புதிதாக வாங்க அனுமதிக்க வேண்டாம், இருக்கும் பொசிஷனை முடிக்க மட்டும் வழி விடுங்கள். 150 ரூபாய்ச் சீட்டு அத்தோடு போகும். மார்ஜின் குறைப்புக்காகத் தொலைதூர ஆப்ஷன் வாங்கும் விற்பனையாளர்களுக்கு இதில் சிரமம் உண்டு. கையில் விற்ற பொசிஷன் இருந்தால் மட்டும் வாங்கலாம் என்று விலக்குக் கொடுத்தால் அதுவும் தீர்ந்துவிடும். புரோக்கர்களின் ரிஸ்க் மென்பொருளால் இதைச் செய்ய முடியும்.

ஆர்டர் திரையில் 'வாங்கு' பொத்தானுக்கு மேலே இரண்டு எண்கள் கட்டாயம் வரட்டும். இந்த வர்த்தகத்தின் மொத்தச் செலவு எவ்வளவு, எந்த விலைக்கு விற்றால் முதல் திரும்பும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் '50 ரூபாய், 20.70'. விகிதங்கள் எல்லாம் புரோக்கரிடமே இருக்கின்றன. 2023 ஜூலை முதல் உள்ளே நுழையும்போது வரும் 'பத்தில் ஒன்பது பேருக்கு நட்டம்' அறிவிப்பு நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் அது ஊராருடைய கணக்கு. நான் அந்தப் பத்தாவது ஆள் என்று நினைத்துத்தான் எல்லோரும் 'புரிந்தது' என்பதை அழுத்துகிறார்கள். அதற்குப் பதிலாக அவரவர் பான் எண்ணுக்கு உரிய கணக்கைக் காட்டுங்கள்: இந்த நிதியாண்டில் செலவு போக உங்கள் நிகர நட்டம் இவ்வளவு, அதில் கட்டணமாகப் போனது இவ்வளவு. தமிழ் உட்பட வாடிக்கையாளர் தேர்ந்த மொழியில்.

நட்ட வரம்பை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் வசதி சில ஆப்களில் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கி, கணக்கில் எஃப் அண்ட் ஓ திறக்கும்போதே கேட்க வேண்டும். வரம்பைக் குறைப்பது உடனே நடக்கலாம், கூட்டுவது 48 மணி நேரம் கழித்துத்தான் நடக்க வேண்டும். நட்டத்தை இன்றே மீட்டுவிடலாம் என்ற வேகத்தில்தான் பெரிய இழப்புகள் நடக்கின்றன, அந்த வேகம் ஒரு இரவு தாண்டினால் பெரும்பாலும் தணிந்துவிடும். தொடர்ந்து இரண்டு ஆண்டு நட்டப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கும் மேலானோர் விடாமல் தொடர்ந்ததாக உங்கள் ஆய்வு கண்டது. இவர்களுக்கு மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் வருமானச் சான்றைப் புதுப்பிக்கச் சொல்லி, ஆண்டுக்கான பிரீமியச் செலவை அந்த வருமானத்தின் ஒரு பங்குக்குள் நிறுத்தலாம். பல புரோக்கரிடம் கணக்கு வைத்திருந்தால் பிரித்துக் காட்டித் தப்பலாம் என்பதால் எக்ஸ்சேஞ்ச் மட்டத்தில் பான் வழியே கூட்டிப் பார்க்க வேண்டும்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை, அது உங்கள் துறையில்லை என்றாலும். எஃப் அண்ட் ஓ நட்டம் வியாபார நட்டம். கெடுவுக்குள் ஐடிஆர் 3 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தால் அடுத்த எட்டு ஆண்டு வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். சம்பளம் வாங்கும் பலர் வழக்கம்போல ஐடிஆர் 1 போட்டுவிட்டு அந்த உரிமையை இழப்பதோடு, பின்னால் நோட்டீஸையும் வாங்கிக்கொள்கிறார்கள். புரோக்கரின் ஆண்டுக் கணக்கறிக்கையின் முதல் பக்கத்தில் இது நான்கு வரியில் இருக்கட்டும்.

கடைசியாக, தரவு. 2023 ஜனவரி, 2024 செப்டம்பர், 2025 ஜூலை என்று நினைத்தபோது வரும் ஆய்வுகளை நம்பித்தான் எல்லோரும் பேசுகிறோம். எக்ஸ்சேஞ்சுகளிடம் பான் வாரியாகத் தரவு தினமும் சேருகிறது. காலாண்டுக்கு ஒருமுறை, செலவு போக நிகர லாப நட்டத்தை, எக்ஸ்பைரி நாள், மற்ற நாள் என்று பிரித்து, இண்டெக்ஸ் வாரியாகவும் மாநில வாரியாகவும் வெளியிடுங்கள். எக்ஸ்பைரி நாளில் மட்டும் தனிநபர்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்ற ஒற்றை எண் உங்கள் ஆய்வுகளின் தலைப்பு எண்களில் இதுவரை வந்ததில்லை. வார எக்ஸ்பைரி வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நீங்கள் வெளியிடவிருக்கும் கலந்தாய்வு அறிக்கையின் முதல் அட்டவணையாக அது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆப்ஷன் சந்தையையும் அதன் கணக்குகளையும் அன்றாடம் கவனிக்கும் சிலர்